ஐஎல்எம் (விழித்திரையின் உள்பரப்பில் இருக்கும் மெல்லிய சவ்வு) உரிக்க எந்த ஃபோர்செப்ஸ் கைக்கு ஒத்துவருகிறது?

மேக்குலர் ஹோல், அதாவது விழித்திரையின் மையமான மேக்குலாவில் ஓட்டை விழுந்த கேஸ்களில் நான் எண்ட்-கிரிப் ஃபோர்செப்ஸைத்தான் நம்புகிறேன். ஐஎல்எம் சவ்வின் தடிமன் 2, 3 மைக்ரான்தான். பிரில்லியன்ட் புளூ சாயம் ஏற்றினால்தான் கண்ணுக்கே தட்டுப்படும். இந்த ஃபோர்செப்ஸில் நுனி மட்டும் சேரும், பின்னால் இடைவெளி இருக்கும். அதனால் எதைப் பிடிக்கிறோம் என்பது மறையாமல் தெரியும். நீலத்தை லேசாகக் கிள்ளியதும் சின்ன மடல் எழும்பும். அதை விழித்திரையை ஒட்டியே, மேக்குலாவைச் சுற்றி வட்டமாக இழுத்துப் போவேன். உரிந்த இடம் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது இன்றும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

வைரத்தூள் பதித்த ஸ்க்ரேப்பரில் மடலைத் தொடங்குவது சுலபம். ஆனால் அடியில் நரம்பிழை அடுக்கு இருக்கிறதே, அதைச் சுரண்டிவிடுமோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. சர்க்கரை நோயில் வரும் தடித்த நார்ச்சவ்வு வேறு விஷயம். அங்கே எண்ட்-கிரிப் நழுவும், பல் வைத்த ஃபோர்செப்ஸ்தான் சரி.

*

சர்க்கரை நோய் கேஸ்களில் நான் 27 கேஜ் கருவிகளுக்கு மாறிவிட்டேன் டாக்டர். கேஜ் எண் கூடினால் தண்டு மெல்லிசு: 23 கேஜ் சுமார் 0.6 மி.மீ., இது 0.4 மி.மீ. கண்ணுக்குள் வெட்டி உறிஞ்சும் கட்டரின் வாய் நுனிக்கு மிக அருகில் இருப்பதால் சவ்வுக்கும் விழித்திரைக்கும் நடுவே நுழைந்து வெட்ட முடிகிறது. கத்தரிக்கோலை எடுப்பதே குறைந்துவிட்டது. ஆனால் கண்ணைச் சுழற்றி விழித்திரையின் ஓரத்துக்குப் போனால் தண்டு வளைகிறது. 2002இல் 25 கேஜ் வந்தபோதும் இதே குறைதான் சொன்னார்கள். ஓரத்தில் வேலை அதிகம் என்று தெரிந்தால் 23தான் எடுக்கிறேன்.

*

நான் தியேட்டர் நர்ஸ். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஃபோர்செப்ஸ் என்றால் எந்த கேஜ் என்பதை விட நுனி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன் சார். மைக்ராஸ்கோப்பின் கீழே மூடித் திறந்து பார்த்தால் ஒரு தாடை கொஞ்சம் விலகியிருப்பது உடனே தெரியும். அப்படி இருந்தால் டிரேயிலேயே வைக்க மாட்டேன். கேஸ் முடிந்த கையோடு காய்ச்சி வடித்த நீரை ஃபோர்செப்ஸின் குழாய்த் தண்டுக்குள் செலுத்திக் கழுவிவிடுவேன், இல்லாவிட்டால் சலைன் காய்ந்து உப்புப் படிந்துவிடும். அப்புறம் நுனிக்கு சிலிகோன் மூடி. நுனி வளைவது பெரும்பாலும் கண்ணுக்குள் இல்லை சார், கழுவும் இடத்தில்தான்.