மீயொலிச் சூடேற்றம்: சூடாகாத மூலை குளிர்வதாக எம்.ஆர்.ஐ. வெப்ப வரைபடம் காட்டுவது ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவர்)

வணக்கம். 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்த அகர் கூழ் மாதிரியைக் குவிமீயொலியால் சூடாக்கி, நீர் புரோட்டானின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறோம். எக்கோ நேரம் (தூண்டலுக்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் உள்ள இடைவெளி) 10 மில்லிவினாடி. குவியத்தில் வெப்பம் ஏறுவது தெரிகிறது. ஆனால் மீயொலி எட்டாத மூலை, பத்து நிமிடத்தில் 4 டிகிரி குளிர்ந்துவிட்டதாக வரைபடம் காட்டுகிறது. அங்கே செருகியுள்ள ஒளியிழை வெப்பமானியோ அசையவில்லை. இந்த வரைபடத்தை நம்பித்தான் எங்கள் நிரல் மீயொலித் திறனைக் கூட்டிக் குறைக்கிறது என்பதால், இதைப் பொருட்படுத்தாமல் விட இயலவில்லை. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1 (மருத்துவ இயற்பியலாளர்)

மாதிரியைச் சந்தேகிக்கும் முன் காந்தப் புலத்தைச் சந்தேகியுங்கள். ஒரு டிகிரி ஏறினால் நீர் புரோட்டானின் அதிர்வெண் ஏறத்தாழ 0.01 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில்) மட்டுமே இறங்கும். உங்கள் அமைப்பில் அது சுமார் 4.6 பாகைக் கட்ட மாற்றம் (சமிக்ஞை அலையின் சுழற்சி நிலையில் வரும் மாற்றம்). படம் தொடர்ந்து எடுக்கையில் கிரேடியன்ட் காயில்கள் (புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கம்பிச் சுருள்கள்) சூடாகி, அருகிலுள்ள ஷிம் இரும்புத் துண்டுகளையும் (புலத்தைச் சீராக்க வைத்தவை) சூடாக்குவதால் முதன்மைப் புலமே மெல்ல நகரும். 0.04 பிபிஎம் நகர்ந்தாலே 4 டிகிரிப் பிழை வந்துவிடும். மீயொலியை நிறுத்திவிட்டு இதே படமெடுப்பு வரிசையை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மூலை குளிர்ந்தால் ஐயமே இல்லை.

அந்த 4 டிகிரியைச் சிறிதென்று எண்ண வேண்டாம். திசு அழிவுக்கு வழக்கமாகக் கொள்ளும் 240 நிமிடச் சமான அளவை (43 டிகிரியில் 240 நிமிடம் சூடாக்குவதற்குச் சமமான பாதிப்பை) எட்ட 56 டிகிரியில் 2 வினாடிகூடத் தேவையில்லை. 52 டிகிரியில் 28 வினாடி வேண்டும். உண்மையில் 56 இருக்கும்போது வரைபடம் 52 என்று காட்டினால், நிரல் தேவைக்கு மேல் பல மடங்கு நேரம் சுடும்.

மறுமொழி 2 (எம்.ஆர். தொழில்நுட்பர்)

மாதிரியைச் சுற்றி நான்கைந்து எண்ணெய்க் குப்பிகளை வையுங்கள். எண்ணெயின் புரோட்டான் அதிர்வெண் வெப்பத்துக்கு ஏறக்குறைய அசையாது என்பதால், அவற்றில் தெரியும் கட்ட மாற்றம் புல நகர்வையே காட்டும். ஒரே குப்பியின் மதிப்பை எல்லா இடத்திலும் கழிப்பது போதாது, ஏனெனில் நகர்வு இடத்துக்கு இடம் மாறுபடும். குப்பிகளின் மதிப்புகளுக்கு ஒரு சாய்தளம் பொருத்தி அதைக் கழியுங்கள். பின்னர் இறைச்சித் துண்டுக்கு மாறினால், இதே காரணத்தால் கொழுப்புள்ள இடங்களில் வரைபடத்தை நம்ப முடியாது. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கியே படம் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மீயொலி இல்லாமலும் மூலை குளிர்ந்தது. சாய்தளத்தைக் கழித்ததும் அந்த நகர்வு நின்றுவிட்டது. ஆனால் குவியத்தில் வைத்த வெப்பமானி, மீயொலி பாயும்போது மட்டும் வரைபடத்தைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது.

மறுமொழி 1 (மருத்துவ இயற்பியலாளர்)

அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒலிப்புலத்தில் நிற்கும் இழையின் மேற்பரப்பில் கூழ் உராய்வதால் அந்த இழையே தனியாகச் சூடாகும். மீயொலியை நிறுத்திய கணத்தில் அந்த அளவு சட்டென்று விழுந்தால் இதுதான் காரணம், விழுந்த பிறகு வரும் அளவையே ஒப்பிடுங்கள். அப்போதும் வேறுபாடு நீடித்தால் படத்தின் வோக்சல் (படத்தின் மிகச் சிறிய கன அலகு) அளவைப் பாருங்கள். குவியத்தின் அகலமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வோக்சல் அதைவிடப் பெரிதானால் உச்ச வெப்பம் சுற்றியுள்ள குளிர்ச்சியோடு கலந்து சராசரியாகிவிடும்.