வியாழன் காலை நேர்முகத் தேர்வு, முந்தின இரவு பனியில் கூடாரம்: சரிப்பட்டு வருமா?

ஹூஸ்டன்வாசி (கேள்வி)

வணக்கம். பிப்ரவரி மூன்றாம் வாரம் வியாழக்கிழமை காலை 9 மணிக்கு எனக்கு யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் நேர்முகத் தேர்வு இருக்கிறது. நாள் முழுக்க ஐந்து சுற்று. விமான டிக்கெட்டும் ஓர் இரவு ஓட்டலும் நிறுவனத்தின் செலவு. டிக்கெட் இன்னும் போடவில்லை.

நான்கு வருடமாகப் பனிச்சறுக்கு பழகி வருகிறேன். ஆல்ட்டா என்ற பனிச்சறுக்குத் தலம் அந்த ஊர் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான். அங்கே ஒரு நாளாவது சறுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் திட்டம் இது: திங்கள் இரவு போய் இறங்குவது, செவ்வாயும் புதனும் சறுக்குவது, இரவுகளில் ஆல்ட்டா இருக்கும் பள்ளத்தாக்கிலேயே கூடாரம் போடுவது, வியாழன் விடிகாலையில் எங்காவது குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு நேரே தேர்வுக்குப் போவது.

நாட்களைக் கூட்டிக் கேட்டால் நிறுவனம் தவறாக நினைக்குமா? கோட்டு, பனிச்சறுக்குச் சாமான், கூடாரம் மூன்றையும் எப்படிக் கொண்டுபோவது? என் சின்ன கேஸ் அடுப்பு விமானத்தில் போகுமா? இந்த வேலை எனக்கு மிகவும் வேண்டும். அதனால்தான் இத்தனை கேள்விகள்.

உப்பேரிக்கரை

பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒரே வரியில் சொன்னால், வரிசையை மாற்றுங்கள். தேர்வு முதலில், பனி பிறகு.

ஆல்ட்டாவுக்கும் அதன் பக்கத்துச் சறுக்குத் தலமான ஸ்னோபேர்டுக்கும் போகும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஒரே சாலைதான். அதற்கு மேலே வரிசையாகப் பனிச்சரிவுப் பாதைகள். கனமழை போலப் பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள். நிலைமை முற்றினால் 'இன்டர்லாட்ஜ்' அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு கட்டடத்தை விட்டு வெளியே கால் வைப்பதே சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் அது சுமார் 60 மணி நேரம் நீடித்தது. நீங்கள் வருவதும் பிப்ரவரி.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஞாயிறு இரவு மேலே தங்கினேன். திங்கள் காலை நான் நடத்த வேண்டிய ஒரு கூட்டம் இருந்தது. விடுதி ஜன்னலில் பாதி உயரத்துக்குப் பனி. பனிச்சரிவை முன்கூட்டியே உதிர்க்க வைக்கும் வெடியின் அதிர்வில் மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பை நடுங்கியது. கூட்டத்தை ஒத்திவைக்க முடிந்தது. உங்கள் ஐந்து சுற்றை யார் ஒத்திவைப்பார்கள்?

தொட்டபெட்டா

நான் ஊட்டிக்காரன். உயரத்தை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆல்ட்டாவின் அடிவாரமே சுமார் 2,600 மீட்டர், அதாவது ஏறத்தாழ எங்கள் தொட்டபெட்டாவின் உச்சி. ஹூஸ்டன் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து ஒரே நாளில் இந்த உயரத்துக்கு வந்து படுத்தால் பலருக்கு முதல் இரண்டு இரவு தலைவலியும் அரைகுறைத் தூக்கமும்தான். நான்காவது சுற்றில் வெள்ளைப் பலகை முன் நிற்கும்போது அது தெரியும். நகரம் சுமார் 1,300 மீட்டர்தான். ஓட்டலில் ஒரு நாள் தங்கிவிட்டு மேலே ஏறினால் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும்.

ஆளெடுப்பவர்

பன்னிரண்டு வருடமாக ஆள் சேர்க்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: திரும்பும் தேதியை வார இறுதிக்குத் தள்ளிக் கேட்பது மிகச் சாதாரணம். எங்களில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. புது ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறவர் வேலை கிடைத்தால் வருவார் என்ற நம்பிக்கைதான் வரும். எங்களைச் சங்கடப்படுத்துவது, டிக்கெட் போட்ட பிறகு மாற்றச் சொல்வதும் கணக்கைக் கலப்பதும்.

எனவே டிக்கெட் போடுவதற்கு முன்பே இப்படி எழுதுங்கள்: "வியாழன் தேர்வு முடிந்தபின் என் சொந்தச் செலவில் ஞாயிறு வரை தங்க விரும்புகிறேன். திரும்பும் டிக்கெட்டை ஞாயிறுக்குப் போட முடியுமா? கட்டண வித்தியாசம் இருந்தால் நான் ஏற்கிறேன்." அவ்வளவு போதும், பனிச்சறுக்கு, கூடாரம் என்ற விவரமெல்லாம் தேவையில்லை. வியாழன் திரும்பும் டிக்கெட் என்ன விலை, ஞாயிறு என்ன விலை என்று அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரை வெள்ளி காலையிலிருந்து உங்கள் சொந்த அட்டையில் எடுங்கள். வியாழன் வரைக்கும் டாக்ஸி. அந்த ரசீதுகள் மட்டும் எங்களுக்கு.

ஹூஸ்டன்வாசி

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பினேன். இருபது நிமிடத்தில் 'தாராளமாக' என்று பதில் வந்துவிட்டது. ஞாயிறு டிக்கெட் விலையும் குறைவாம். மூன்று நாள் சுமந்த பாரம் இறங்கியது. மிக்க நன்றி. கூடாரம், அடுப்பு பற்றி யாராவது சொல்லுங்கள்.

கூடாரக்காரன்

தம்பி, முதலில் இடம். லிட்டில் காட்டன்வுட்டில் உள்ள கூடாரத் திடல்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும். நகரத்தின் குடிநீர் வரும் பள்ளத்தாக்கு என்பதால் நாயைக்கூட உள்ளே விட மாட்டார்கள். கண்ட இடத்தில் கூடாரம் போட்டால் அது பனிச்சரிவுப் பாதையாகவும் இருக்கக்கூடும். அந்த எண்ணமே வேண்டாம்.

நகரத்துக்கு வடக்கே சுமார் ஒரு மணி நேரத்தில் கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரிக்குள் ஆன்டலோப் தீவு மாநிலப் பூங்கா இருக்கிறது. ஏரியின் குறுக்கே ஏழு மைல் கரைச்சாலையில் காரிலேயே போகலாம். அங்கே பிரிட்ஜர் பே திடல் குளிர்காலத்திலும் உண்டு. இடத்தை முன்பதிவு செய்துகொள். நகரத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு போ. 1893-இல் 12 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கில் திரிகின்றன. சாதுவாகத் தெரியும், கிட்டே போகாதே.

அடுப்பு: கேஸ் கலன் விமானத்தில் கைப்பையிலும் போகாது, சரக்கிலும் போகாது. அடுப்பின் தலையில் எரிபொருள் வாடைகூட இருக்கக் கூடாது. என்னுடையதை ஒருமுறை வாடைக்காகவே பறித்துக்கொண்டார்கள். அதிலிருந்து சோப்பு நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத்தான் எடுத்துப்போகிறேன். கலனை அங்கே போய் வாங்கு. வாங்கும்போது உள்ளே என்ன வாயு என்று படி. சாதாரண பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துவிடும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 வரை தாங்கும். புரொபேன் மைனஸ் 42 வரை. பின்னவை இரண்டும் கலந்த கலன்தான் குளிருக்கு ஆகும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. இதை மட்டும் மறந்துவிடாதே, தம்பி.

உப்பேரிக்கரை

சாமான் பற்றி ஒன்று. கோட்டும் தேர்வுக் காலணியும் கைப்பையில்தான் வர வேண்டும். சறுக்குப் பலகை, கூடாரம் எல்லாம் சரக்கில் போகட்டும். தாமதமானாலும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் அளவுக் கோட்டு புதன் இரவு எந்தக் கடையிலும் கிடைக்காது. பவர் பேங்கும் கைப்பையில்தான், சரக்கில் அனுமதி இல்லை. வாடகைக் கார் எடுக்கும்போது சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்: மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் போட்ட முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் பனி நாளில் அந்தச் சாலையில் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அப்படியானால் கீழே காரை நிறுத்திவிட்டுப் பனிச்சறுக்கு பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

ஹூஸ்டன்வாசி (திரும்பி வந்தபின்)

எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வியாழன் ஐந்து சுற்றும் முடிந்தன. நன்றாகத் தூங்கி எழுந்து போனேன். மூன்றாவது சுற்றில் ஒரு கேள்விக்கு மட்டும் தடுமாறினேன்.

புதன் இரவும் வியாழன் பகலும் மலையில் விடாத பனி. வெள்ளி காலை சாலை 10 மணி வரை மூடியிருந்தது. என் பழைய திட்டப்படி கூடாரத்தோடு மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ் வரிசையில் நின்றபடி நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பின் கிடைத்த நாள்! முழங்கால் வரை, மாவு போல, மிதித்த சத்தமே கேட்காத பனி. நான்கு வருடத்தில் அப்படி ஒன்றில் நான் சறுக்கியதே இல்லை.

சனி இரவு தீவில் மைனஸ் 9. அடுப்பு பற்றியது, இரண்டு நிமிடத்தில் சுடர் மஞ்சளாகிச் சுருங்கி, விக்கி விக்கி அணைந்தது. கலனைத் தொட்டால் வெளியே வெண்பனி பூத்திருந்தது. நல்ல கலவைதான் வாங்கியிருந்தேன். ஆனால் எரிய எரியக் கலன் இன்னும் குளிர்ந்துவிடுகிறது. அதைக் கழற்றிச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு தட்டில் விரல் ஆழம் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்திப் பற்றவைத்தேன். நீலச் சுடர் நின்று எரிந்தது, ரசம் கொதித்தது. இருபதடி தள்ளித் திடலின் ஓரமாக ஒரு காட்டெருமை பெருமூச்சு விட்டபடி நடந்து போனது. ரசம் ஆறும் வரை நான் அசையவில்லை.

கலனில் பாதி மிச்சம் இருந்தது. விமானத்தில் கொண்டுவர முடியாதே. ஞாயிறு காலை பக்கத்துக் கூடாரத்து முதியவர்களிடம் கொடுத்துவிட்டு, தட்டுத் தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தேன். தேர்வு முடிவு அடுத்த வாரம் தெரியும்.