பதினோரு கணக்கு நோட்டுகளும் ஒரு நாவலும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், பாட்டா விட்டுச் சென்ற கணக்கு நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்தவர் என்பதால், ரப்பர் ஷீட்டின் எடை, ஒட்டுபாலின் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) விலை, பால் வெட்டுகிறவருக்குக் கொடுத்த கூலி எல்லாவற்றையும் மலையாள எழுத்திலேயே குறித்து வைத்திருந்தார். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அவர் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கோ மலையாளம் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது.

நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த நாட்களில், அதே ஊரில் வாழ்ந்து எழுதிய சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை (1981) முதன்முறை வாசித்தேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், அதாவது 1960 ஜனவரி 5 அன்று, ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் இறந்தான் என்று தொடங்கும் அதன் முதல் வாக்கியத்தை நான் அப்படியே நம்பிவிட்டேன். அடுத்த முறை திருவனந்தபுரம் போனபோது ஒரு புத்தகக் கடையில் ஜோசப் ஜேம்ஸின் நூல்களைக் கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, எந்தப் பதிப்பகம் என்று கேட்டார். பதிலில்லாமல் திரும்பி ரயிலேறினேன்.

நான் ஏமாந்ததற்குக் காரணம் என் வெகுளித்தனம் மட்டுமன்று, நாவலின் உத்தியும்கூட என்பது இரண்டாம் வாசிப்பில்தான் விளங்கியது. உலகறிந்த ஒரு மரணத்தின் நிழலில் கற்பனை மரணம் ஒன்றை வைத்துவிட்டால், வாசகன் அதைச் சந்தேகிக்க மறந்துவிடுகிறான். அதைவிட முக்கியமானது, நாயகனை முதல் வரியிலேயே இறக்கச் செய்துவிட்டு, அவனுக்கும் நமக்கும் நடுவில் பாலு என்ற தமிழ் எழுத்தாளனை நிறுத்திவைப்பது. ஜே.ஜே.யை நாம் நேரில் சந்திப்பதே இல்லை. பாலுவின் வியப்பையும் தேடலையும் கடந்துதான் அவனிடம் போகவேண்டியிருக்கிறது. அந்நியமாதலைப் பேசும் பல நாவல்கள் நாயகனைத் தனியறையில் உட்காரவைத்துப் புலம்பவிடுகின்றன. இதிலோ தனிமை, கதை சொல்லப்படும் தொலைவிலேயே இருக்கிறது.

பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் வரும்போது அந்தத் தொலைவு குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. மலையாளத்தில் சிந்தித்தவனைத் தமிழில் வாசிக்கிறோம் என்பதோடு, யாரையும் நோக்காத ஒருவனின் பேச்சை ஒட்டுக்கேட்கிறோம் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. (சில பக்கங்களில் சிந்தனைகள் மேற்கோள்களைப் போல வரிசையாக வந்து நின்று என்னைச் சலிப்படையச் செய்தன என்பதையும் சொல்லவேண்டும்.)

அந்தக் கூச்சம்தான் பரணில் இருந்த நோட்டுகளை நினைவூட்டியது. ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியையான பக்கத்து வீட்டு அக்காளிடம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எடை, விலை, கூலி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், 1987 ஜூன் மாதப் பக்கமொன்றில் நின்றார். “மழை. வெட்டு இல்லை. யாரும் பேசவில்லை” என்று எழுதியிருந்ததாம். மறுநாளும் அதே மூன்று வாக்கியங்கள். மூன்றாம் நாள், ஒட்டுபால் நான்கு கிலோ.

அன்றிரவு அப்பாவிடம், அந்த ஜூன் மாதத்தில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணி, ஒன்பது பேர் என்றார்.