முட்டி மாற்று ஆபரேஷன்: தாளில் உள்ள சுபைன், குரூக் லையிங், ஹை சிட்டிங் எப்படி?

திருமங்கலத்துக்காரன்:
அம்மாவுக்கு வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. குடுத்த பயிற்சித் தாள்ல சுபைன், குரூக் லையிங், ஹை சிட்டிங், புரோன்னு இருக்கு. வீட்ல கயித்துக் கட்டில், பலகைக் கட்டில், திண்ணை இருக்கு. எதுல எதைச் செய்யலாம்? முட்டிக்கு அடியில தலையணை வச்சா வலி குறையுதுங்கிறாங்க, வைக்கலாமா?

மேலூர் பிசியோ:
முதல்ல அந்தத் தலையணையை எடுங்க. சுகமாத்தான் இருக்கும், ஆனா முட்டி மடங்கின வாக்குலயே இறுகிடும். அப்புறம் நிமித்துறது பெரும்பாடு. துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில வைங்க, முட்டி தன்னால நிமிரும். கயித்துக் கட்டிலும் வேணாம், நடுவுல குழியும். பலகைக் கட்டில்ல கெட்டி மெத்தை போடுங்க.

சுபைன்னா மல்லாந்து, ரெண்டு காலும் நேரா. தொடையை இறுக்குற பயிற்சி இதுலதான். முட்டியோட பின்பக்கத்தை மெத்தையில அழுத்தி 5 நொடி, அப்புறம் தளர்த்தணும், 10 தடவை. சரியாச் செஞ்சா முட்டிச்சில்லு தொடைப் பக்கமா ஏறுறது கண்ணுக்கே தெரியும். சில்லு ஏறாம இடுப்பு எழும்பினா, புட்டத்தால அழுத்துறாங்கன்னு அர்த்தம். மூச்சைப் பிடிக்க விடாதீங்க, வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க.

குரூக் லையிங்னா அதே மல்லாந்த நிலைதான், முட்டி மடங்கி, பாதம் முழுசும் மெத்தையில பதியணும். காலை நேராத் தூக்குறப்ப இடது கால் மட்டும் இப்படி இருக்கட்டும், கீழ்முதுகு வளையாது.

உசிலை வாசகி:
ஹை சிட்டிங்குக்குத் திண்ணை தோதுதான், பாதம் தரையில முட்டாத உயரம் இருந்தா. தொடை முழுசும் திண்ணை மேல, முட்டி மடிப்பு மட்டும் விளிம்புக்கு வெளியே. இடது பாதத்தை வலது கணுக்காலுக்கு முன்னால வச்சு மெதுவாப் பின்னால தள்ளணும். வலிக்குப் பயந்து வலது இடுப்பைத் தூக்குவாங்க. தூக்கினா முட்டி மடங்கின மாதிரி தெரியும், மடங்கியிருக்காது.

திருமங்கலத்துக்காரன்:
நன்றிங்க. புரோன்?

மேலூர் பிசியோ:
குப்புறப் படுக்கிறது. தையல் பிரிச்சு, ஆபரேஷன் பண்ணின டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான். பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கணும், இல்லேன்னா விரல் ஊன்றி முட்டி மடங்கிடும். இதுக்கெல்லாம் தாள்ல ஒரு படம் போட்டுக் குடுத்தா என்னவாம்!

ஒண்ணு கவனிங்க: கெண்டைக்கால் புதுசா வீங்கி, சூடா, தொட்டா வலிச்சா ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம். நீவி விடாம, பயிற்சியை நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.