உபேந்திர யாதவ்: இத்தனை கட்சிப் பெயரும் ஒரே கட்சிதானா?

கேள்வி: விளவங்கோடு வாசகன்

எங்க வாசகர் வட்டத்துல அடுத்த மாசம் எல்லைப்புற அரசியல் பத்தி அரைமணி நேரம் பேசணும். குமரியைத் தமிழ்நாட்டோட சேர்க்கப் போராடின மார்ஷல் நேசமணி பகுதி தயார். கூடவே நேபாளத்துத் தெற்குச் சமவெளி மக்களான மதேசிகளோட தலைவர் உபேந்திர யாதவையும் எடுத்திருக்கேன். வெளியுறவு, சுகாதாரம், சட்டம்னு பல துறைக்கு அமைச்சரா இருந்தவர். ஆனா ஒவ்வொரு பதவிக்காலத்துலயும் கட்சிப் பேரு வேற வேறயா வருது. கட்சி மாறிக்கிட்டே இருந்தாரா? நேபாளி தேதிகளை நம்ம வருஷத்துக்கு மாத்துறது எப்படி? இத்தனை தடவை அமைச்சரா இருந்தவர் 2022-ல ஏன் தோத்தார்? நேசமணியோட ஒப்பிடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மறுமொழி 1: தக்கலை வாத்தியார்

தம்பி, 2007-க்கு அப்புறம் அவர் கட்சி தாவலை. அவர் கட்சிதான் உடைஞ்சும் சேர்ந்தும் பேரு மாறிக்கிட்டே வந்தது.

அதுக்கு முந்தின கதை வேற. சுன்சரி மாவட்டத்துக்காரர், ஆசிரியரா இருந்தவர். 1991 தேர்தல்ல யு.எம்.எல். (நேபாளத்துக் கம்யூனிஸ்ட் கட்சிகள்ல ஒண்ணு) வேட்பாளரா நின்னு தோத்தார். பிறகு மாவோயிஸ்ட் பக்கம் போனார். 2004-ல டெல்லியில மாத்ரிகா யாதவ், சுரேஷ் ஆலே மகர் ரெண்டு பேரோட பிடிபட்டார். அவங்க ரெண்டு பேரையும் நேபாளத்துக்கு ஒப்படைச்சாங்க, இவர் வெளிய வந்தார். இதுல மாத்ரிகா யாதவ் வேற, உபேந்திர யாதவ் வேற, முதல் ஜனாதிபதி ராம் பரண் யாதவ் வேற. மூணு பேரையும் குழப்பாதீங்க.

இடைக்கால அரசியலமைப்பு 2007 ஜனவரி 15-ல வந்தது. கூட்டாட்சின்னு ஒரு வார்த்தை அதுல இல்லை. மறுநாளே காத்மாண்டு மைதிகர்ல யாதவ் தலைமையிலான மதேசி ஜனாதிகார் ஃபோரம் அதன் பிரதிகளை எரிச்சது. யாதவும் தொண்டர்களும் கைது. மதேசிகள் வாழுற தராய் சமவெளி முழுக்கப் பத்திக்கிட்டது. பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா ஜனவரி 31-ல நாட்டுக்கு உரையாற்றினார். அது போதாதுன்னு போராட்டம் நிக்கலை. பிப்ரவரி 7-ல ரெண்டாவது உரையில கூட்டாட்சிக்கு உறுதி கொடுத்தார், மார்ச்சுல திருத்தமும் வந்தது. உங்க பேச்சுல இதை அழுத்திச் சொல்லணும். யாதவ் அரசியல்ல சாதிச்ச மிகப் பெரிய காரியம் இதுதான். அப்போ அவர் கையில ஒரு எம்.பி. கூடக் கிடையாது.

அதே மார்ச் 21-ல கௌர் ஊர்ல ஃபோரமும் மாவோயிஸ்டுகளும் ஒரே மைதானத்துல கூட்டம் போட்டு மோதினதுல 27 பேர் செத்தாங்க, பெரும்பாலும் மாவோயிஸ்டுகள். அதையும் விடாம சொல்லுங்க.

2008 ஏப்ரல் தேர்தல்ல 601 பேர் சபையில ஃபோரத்துக்கு 52 இடம், நாலாவது பெரிய கட்சி. ஜூலையில நேபாளி காங்கிரசோட சேர்ந்து ராம் பரண் யாதவை ஜனாதிபதியாக்கி, தங்களோட ஆள் பரமானந்த ஜாவைத் துணை ஜனாதிபதியாக்கினாங்க. ஆகஸ்ட்ல அப்படியே திரும்பி மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டாவைப் பிரதமராக்கி, யாதவ் வெளியுறவு அமைச்சர் ஆனார். ஒரு மாச இடைவெளியில எதிரெதிரான ரெண்டு பக்கத்தோட பேரம்!

மறுமொழி 2: நாகர்கோவில் செல்வி

வாத்தியார் அண்ணாச்சி சொன்னதுக்கு அடுத்த பகுதி இது. கட்சி ஏன் உடைஞ்சுக்கிட்டே இருந்ததுன்னு கேட்டா, அரசாங்கம் மாறின தேதிகளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

2009-ல பிரசண்டா விலகி மாதவ் நேபாள் பிரதமர் ஆனதும், விஜய் கச்சதார் துணைப் பிரதமர் பதவியோட ஃபோரத்தைப் பிளந்துக்கிட்டுப் போனார். 2011-ல ஜலநாத் கனால் ஆட்சியில யாதவ் துணைப் பிரதமர், வெளியுறவும் அவர்கிட்ட. அதே வருஷம் ஜெயப்பிரகாஷ் குப்தா தனிக்கட்சி. 2013-ல 52 இடம் 10 ஆச்சு.

பேரு மாற்றம் இப்படி: 2015-ல அசோக் ராய் கட்சியோட சேர்ந்து சங்கீய சமாஜ்வாதி ஃபோரம். 2019 மே மாசம் பாபுராம் பட்டராயோட சேர்ந்து சமாஜ்வாதி கட்சி. 2020 ஏப்ரல்ல மகந்த தாக்கூர் தரப்போட சேர்ந்து ஜனதா சமாஜ்வாதி கட்சி. இந்தக் கடைசி இணைப்பு ராத்திரியோட ராத்திரியா நடந்தது. அதுக்குக் காரணம் சட்டம். அங்க கட்சியைப் பிளக்கணும்னா மத்தியக் குழுவுலயும் நாடாளுமன்றக் குழுவுலயும் 40 சதவீதம் வேணும், ரெண்டுலயுமே. பிரதமர் கே.பி.சர்மா ஓலியோட அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு ஏதாவது ஒண்ணுல இருந்தாப் போதும்னு ஆக்கிச்சு. எம்.பி.க்கள் போயிடுவாங்கன்னு பயந்துதான் ரெண்டு கட்சியும் அவசரமா ஒண்ணாச்சு. அந்த அவசரச் சட்டம் சில நாள்ல வாபஸ். 2021-ல பிரதமர் தேவுபாவோட அரசாங்கம் 20 சதவீதம்னு இன்னொரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுல மகந்த தாக்கூர் பிரிஞ்சு போயிட்டார்.

இணைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. 275 இடத்துல 165 நேரடித் தொகுதி, 110 விகிதாச்சாரம். விகிதாச்சாரத்துல 3 சதவீதம் வாங்காத கட்சிக்கு அந்த 110-ல பங்கே கிடையாது. சின்னக் கட்சி தனியா நின்னா வாங்கின ஓட்டெல்லாம் வீண்.

தேதிக்கு வழி: நேபாளி வருஷத்துலேர்ந்து, முதல் மாசமான பைசாக் (ஏப்ரல் நடு) முதல் டிசம்பர் 31 வரை 57 கழிக்கணும், ஜனவரி 1 முதல் கடைசி மாசமான சைத் முடிய 56 கழிக்கணும். 2072 அசோஜ் 3-ன்னா 2015 செப்டம்பர் 20, இப்போதைய அரசியலமைப்பு வந்த நாள். தப்பு நடக்குறது மாக் மாசத்துல (ஜனவரி நடு முதல் பிப்ரவரி நடு வரை). வாத்தியார் சொன்ன 2007 போராட்டம்தான் 2063 மாக் போராட்டம்; அதுக்கு 57 கழிச்சா 2006 ஆயிடும். 2006 ஏப்ரல்ல மன்னருக்கு எதிரா நடந்தது வேற போராட்டம். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா உங்க பேச்சே கவிழ்ந்திடும்.

மறுமொழி 3: கல்குளம் பதிவர்

நேசமணி ஒப்பீடு பற்றி. அப்படியே பொருத்தினால் தவறு. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, தமிழ்த் தாலுகாக்களைப் பக்கத்து மாநிலத்தோடு இணைக்க. மதேசிகள் கேட்டது நேபாளத்துக்குள்ளேயே ஒரு மாகாணம். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லாவிட்டால், கேட்பவர்கள் அவர்கள் பீகாரோடு சேரக் கேட்டார்கள் என்று நினைத்துவிடுவார்கள். காத்மாண்டில் அவர்கள்மீது சுமத்தப்படும் பழியே அதுதான்.

இங்கே 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வந்தன. தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை வரவில்லை. இலக்கு ஓரளவு கிடைத்ததும் கட்சி காங்கிரசோடு இணைந்துவிட்டது. அங்கே யாதவின் கட்சி கேட்டது தராய் முழுதும் ஒரே பிரதேசம். கிடைத்தது சப்தரி முதல் பர்சா வரை எட்டு மாவட்டங்கள், தலைநகர் ஜனக்பூர். கட்சி கலையவில்லை, மிச்சக் கோரிக்கையோடு தொடர்ந்தது.

கோசி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள சுன்சரி, மொரங், ஜாபா மூன்றும் முதலாம் மாகாணத்துக்குப் போய்விட்டன. யாதவின் சொந்த மாவட்டம் சுன்சரி, கவனித்தீர்களா? 2008-ல் அவர் சுன்சரி 5, மொரங் 5 இரண்டு தொகுதிகளிலும் ஜெயித்தவர். தான் போராடிப் பெற்ற மாகாணத்துக்கு வெளியே தன் ஊர் நின்றுவிட்டது. 2017-ல் ஆற்றைத் தாண்டி சப்தரி 2-ல் நின்றார். ஒப்பிட வேண்டுமானால் தலைவர்களை விடுங்கள், விடுபட்ட ஊர்களை ஒப்பிடுங்கள். நெய்யாற்றின்கரைத் தமிழருக்கும் சுன்சரி மதேசிகளுக்கும் கோடு போட்டவர்கள் செய்தது ஏறத்தாழ ஒன்றுதான்.

விளவங்கோடு வாசகன்

ரொம்ப நன்றி. அப்போ 2022-ல சப்தரியில தோத்ததுக்கு வெளியூர்க்காரர்ங்கிறதுதான் காரணமா?

மறுமொழி 4: நாகர்கோவில் செல்வி

அது முழுக் காரணம் ஆகாது. 2017-லயும் அவர் வெளியூர்தானே, அப்போ ஜெயிச்சாரே. அந்தத் தேர்தல்ல அவர் கட்சிக்கு 16 இடம், மகந்த தாக்கூர் தரப்பான ராஷ்டிரிய ஜனதா கட்சிக்கு 17. ரெண்டும் தொகுதி பிரிச்சுக்கிட்டு நின்னதால அந்த மாகாண ஆட்சியும் கிடைச்சு, யாதவ் கட்சியின் லால்பாபு ராவுத் முதல்வர் ஆனார்.

பிறகு 2018 ஜூன்ல அரசியலமைப்பைத் திருத்துறதா எழுத்து உடன்பாடு வாங்கிக்கிட்டு ஓலி அமைச்சரவையில துணைப் பிரதமர், சுகாதாரம். ஒண்ணரை வருஷம் திருத்தம் வரலை. 2019 நவம்பர்ல அவரைக் கேக்காமலே சட்டத்துறைக்கு மாத்தினாங்க, டிசம்பர்ல ராஜினாமா. தொகுதிக்காரன் பார்வையில, கேட்டுப் போனது திருத்தம், கிடைச்சது நாற்காலி.

அதோட 2022-ல அவர் தொகுதி உடன்பாடு வச்சது யு.எம்.எல். கூட. சப்தரியில மலேட்ங்கிற இடத்துல 2017 மார்ச்சுல யு.எம்.எல். கூட்டத்தை எதிர்த்தவங்க மேல போலீஸ் சுட்டு மதேசிகள் செத்தாங்க. அதே மாவட்டத்துல அதே கட்சியோட கூட்டு! எதிர்ல நின்னவர் சி.கே.ராவுத், சப்தரிக்காரர். தனி மதேஷ் கேட்டவர், 2019 மார்ச்சுல அரசோட 11 அம்ச உடன்பாடு செஞ்சு ஜன்மத் கட்சி ஆரம்பிச்சார். யாதவை விட இரண்டு மடங்குக்கும் மேல ஓட்டு வாங்கினார்.

மறுமொழி 5: தக்கலை வாத்தியார்

செல்வி சொன்ன மலேட் விஷயம் ரொம்ப முக்கியம், நம்ம பத்திரிகைகள் தொடவே தொடாத இடம் அது.

பேசும்போது பலகையில ரெண்டு வரிசை போடுங்க தம்பி. மேல் வரிசையில பதவி, கீழ் வரிசையில இடங்கள்: 2008-ல 52, 2013-ல 10, 2017-ல 16, 2022-ல 12. முதல் ரெண்டும் 601-க்கு, அடுத்த ரெண்டும் 275-க்குன்னு பக்கத்துலயே எழுதிடணும். இல்லேன்னா 10-லிருந்து 16 சின்ன ஏத்தம் மாதிரித் தெரியும். சபை பாதிக்கும் கீழ சுருங்கினதால அது பெரிய மீட்சி.

கடைசிப் பகுதி சுருக்கமாப் போதும். அவர் கட்சி எம்.பி. ராம் சகாய் யாதவ் 2023 மார்ச்சுல துணை ஜனாதிபதி ஆனதும் பாரா 2 தொகுதி காலியாச்சு, ஏப்ரல் 23 இடைத்தேர்தல்ல உபேந்திர யாதவ் அங்க ஜெயிச்சார். 2024 மார்ச்சுல பிரசண்டா அமைச்சரவையில மறுபடி துணைப் பிரதமர், சுகாதாரம். மே மாசம் அசோக் ராய் 12 எம்.பி.யில 7 பேரோட பிரிஞ்சார், இந்தத் தடவை அவசரச் சட்டமே தேவைப்படலை. மே 13-ல யாதவ் ராஜினாமா. அதுக்குப் பிறகு நடந்ததை, பேசுறதுக்கு முந்தின நாள் செய்தி பார்த்துச் சேத்துக்கிடுங்க.