மலுங்கை என்றால் முருங்கை

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனால் பேச்சுகளைக் கேட்டுவிட்டு ஹோட்டல் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள், வெளியே போய்ச் சாப்பிடுங்கள் என்று யாரைக் கண்டாலும் சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு நெல் ஆராய்ச்சி மாநாடுதான் எனக்கு அதைக் காட்டித் தந்தது.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்தவள். பூநகரிப் பக்கம் வயல்களில் உவர் ஏறுவது பற்றி ஒரு போஸ்டர் வைக்கப் போயிருந்தேன். மாநாடு நடந்த லொஸ் பான்யோஸ், மணிலாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தெற்கே இருக்கிற சிற்றூர். 1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை அதன் விதை வங்கியில் குளிரில் பாதுகாக்கிறார்கள்.

முதல் நாள் ஒருவர் வெள்ளத்தைத் தாங்கும் நெல் பற்றிப் பேசினார். பயிர் இரண்டு கிழமை மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்த பிறகு திரும்பத் தளிர்க்க வைக்கும் மரபணுவை ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்தார்களாம். அதேபோலத் தாங்கக்கூடிய வேறு பழைய நெல்களின் பெயர்களையும் வாசித்தார். அதில் ஒன்று இலங்கையின் 'குர்கறுப்பன்'. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது எங்கள் வயல் கண்முன்னே மூழ்கியது. அந்த மண்டபத்தில் ஒரு கறுப்பன் நெல்லின் பெயர் கேட்டதும் அந்த வெள்ளம்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் மண்டபத்தில் சான்ட்விச்தான். அங்கே வேலை செய்த ஓர் அக்கா என்னைப் பக்கத்துச் சிறு கடைக்குக் கூட்டிப்போனார். அக்காவை அவர்கள் 'ஆத்தே' என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கறிச்சட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதைக் கைகாட்டிச் சோற்றோடு வாங்கலாம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, நிறையக் கறிகளில் அது இருக்கும்.

எனக்கு வந்தது தினோலா. கோழி, இஞ்சி, பப்பாக்காய் போட்ட தெளிந்த குழம்பு. மேலே சின்னச் சின்னப் பச்சை இலைகள். "இது என்ன ஆத்தே?" என்று கேட்டேன். "மலுங்கை" என்றார். வாயில் வைத்ததும் விளங்கிவிட்டது, எங்கள் வேலியில் நிற்கிற முருங்கையிலைதான்! பெயரும் எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள். உறைப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, ஆனாலும் அம்மாவின் கைப்பக்குவம் போல இருந்தது.

அடுத்த நாள் சினிகாங். பழுக்காத புளியங்காயை அவித்துக் கரைத்த புளிப்புச் சாறு, அதற்குள் மீன், முள்ளங்கி, வெண்டிக்காய், கங்குன் கீரை. கங்குனை அவர்கள் 'கங்கொங்' என்கிறார்கள். மீன் எங்கள் பாலைமீன். முள் கூடிய மீன்தான், ஆனால் அந்தப் புளிக்கு அதைவிடப் பொருத்தமான மீன் இல்லை. இரண்டு கோப்பை குடித்தேன்.

மாலையில் தெருவோரம் பிபிங்கா சுட்டார்கள். வாழையிலை விரித்த சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மா. கீழேயும் தணல், மூடியின் மேலேயும் தணல். அப்பம் மாதிரி ஓரம் முறுகாது, நடுவும் ஓரமும் ஒரே மெதுமெதுப்பு. துருவிய தேங்காயைத் தூவி, வாழையிலை மணத்தோடு கையில் தந்தார்கள். மாநாட்டில் நான் எழுதிய குறிப்புகளில் பாதி மறந்துவிட்டது, அந்த மணம் மறக்கவில்லை.

இரவு அம்மா தொலைபேசியில், "என்ன பிள்ளை சாப்பிட்டனீ?" என்று கேட்டார். முருங்கையிலைக் கோழி என்றேன். "பால் விடாமலா?" என்று நெடுநேரம் விசாரித்தார். இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மா இஞ்சி தட்டி, பப்பாக்காய் வெட்டித் தினோலாதான் வைக்கிறார். மிளகு மட்டும் எங்கள் அளவுக்குக் கூட.