மதம் பற்றிப் படிக்க ஆசை, எந்த பி.ஏ. எடுப்பது?

தண்டையார்பேட்டை அண்ணன்:
தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள். காமர்ஸ் குரூப், ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளிதான். வீட்டில் எல்லாரும் பி.காம். என்று முடிவு கட்டிவிட்டார்கள், அவளுக்கோ மதம் பற்றிப் படிக்க வேண்டுமாம். பக்தி எல்லாம் கிடையாது, கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். ஆனால் ஆடி மாசம் தெருவில் கூழ் ஊற்றும்போது அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஏன் முதல் மரியாதை, பக்கத்து வீட்டு இந்து அக்கா ஏன் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார் என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். இதற்கு டிகிரி உண்டா? படித்தால் சோறு கிடைக்குமா?

மின்ட் பஸ் ஸ்டாண்ட்:
பி.காம். சேர்த்துவிடுங்க பாஸ். மதம் எல்லாம் யூடியூபில் பார்த்துக்கலாம்.

பழைய வண்ணை:
மேலே இருப்பவர் சொன்னதை விடுங்க. பி.டி. என்று கிறித்தவ இறையியல் பட்டம் ஒன்று இருக்கிறது, செராம்பூர் செனட் கொடுப்பது, கீழ்ப்பாக்கம் குருகுல் மாதிரி இறையியல் கல்லூரிகளில் படிக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் சபை ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கானது, உங்க தங்கச்சிக்குச் சரிப்படாது. அவர் கேட்கிற கேள்வி எல்லாம் சாமியைப் பற்றியதே இல்லை, சாமியைச் சுற்றி நிற்கிற மனுஷங்களைப் பற்றியது. அதற்குச் சமூகவியல்தான். பி.ஏ. சமூகவியல் எடுக்கட்டும், சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவம் எல்லாவற்றுக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித்தனித் துறை இருக்கிறது, எம்.ஏ.வுக்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

துர்கைம் என்கிற பிரெஞ்சு சமூகவியல்காரர் 1912-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மதத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார், மனுஷன் ஆஸ்திரேலியா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய பீட்டர் சர்ச், கொஞ்ச தூரத்தில் பார்சிக்காரர்களின் அக்னி கோயில் (உள்ளே நம்மை விட மாட்டார்கள்), பெரம்பூர் பக்கம் போனால் தலித் மக்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசர் காலத்துத் தமிழ்ப் பௌத்தத்தின் தொடர்ச்சி. மாசியில் மயானக் கொள்ளை அன்றைக்கு ஒரு நோட்டோடு போய் நிற்கச் சொல்லுங்க. எல்லாரும் காளி வேஷத்தைத்தான் பார்ப்பார்கள். சூறை விடுகிற தானியமும் கொழுக்கட்டையும் யார் காசில் வந்தது, எந்தத் தெருவில் திருவிழா வரி வாங்கினார்கள், எந்தத் தெருவில் வாங்கவில்லை, ஏன் வாங்கவில்லை என்று கேட்டுப் பார்த்தால் அந்தப் பேட்டையின் சாதிக் கணக்கு மொத்தமும் வெளியே வந்துவிடும்.

கடலோரம்:
பழைய வண்ணை சொல்வது கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் சோறு பற்றிக் கேட்டாரே, அதற்குப் பதிலே இல்லையே. பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் வரலாறு எடுப்பது நல்லது. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளுக்கு எந்த டிகிரியும் ஓகே. யுபிஎஸ்சி விருப்பப் பாடத்தில் சமூகவியல், தத்துவம், மானுடவியல் மூன்றும் உண்டு. காலேஜ் வாத்தியார் ஆகணும்னா நெட் தேர்வில் மதங்களின் ஒப்பாய்வு என்று தனிப் பாடமே இருக்கு. மற்றபடி எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து தொண்டு நிறுவனம், அதில் ஆரம்பச் சம்பளம் ரொம்பக் குறைச்சல், இப்பவே சொல்லிடறேன்.

தண்டையார்பேட்டை அண்ணன்:
நன்றிங்க. பி.எட். என்றால் அவள் ஓடிவிடுவாள். தத்துவம் எடுத்தால் என்ன? தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறதாமே.

பழைய வண்ணை:
இருக்கு, நல்ல துறை. ஆனால் தத்துவத்தில் சங்கரர், ராமானுஜர் என்ன சொன்னார்கள் என்று படிப்பீர்கள், கூழ் ஊற்றும் குடும்பம் அங்கே வராது. போக்குவரத்தும் யோசிங்க, பீச் போய் ரயில் மாறி தாம்பரம், தினமும் பாதி உயிர் போயிடும்.

வியாசை அக்கா:
தம்பி, ராணி மேரியில் சமூகவியல் இருக்கு, அரசுக் கல்லூரி, கட்டணம் ரொம்பக் கம்மி. விண்ணப்பம் அரசு கலைக் கல்லூரிகளுக்கான பொதுத் தளத்தில்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் வரும், சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்க. ஆதாரோடு சேர்த்த பேங்க் கணக்கு அவள் பேரிலேயே இருக்கணும், இல்லையென்றால் இப்பவே திறந்துடுங்க. அம்மாவிடம் முதலில் இந்த ஆயிரம் ரூபாயைச் சொல்லுங்க, மதம் பற்றிய பேச்சை அப்புறம் எடுங்க.